இந்தப் பக்கம் ஆள் இருக்கு

எங்கள் ஊர் ஏரிக்கு வந்து, கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வீட்டில் அந்தப் படம் எங்காவது கிடந்தால் எடுத்து, நடுவில் நிற்கும் உங்களை விட்டுவிட்டு, இடது ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பெண்மணி நிற்கிறாரா? ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரிக்காத முகம். இடது கையை மட்டும் உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி, இடுப்பு உயரத்தில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பது போல வைத்திருப்பார். நிற்கிறார் என்றால் நல்லது. இல்லை என்றால் அது என் வேலை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அந்தக் கரையில் போட்டோ எடுத்துப் பிழைத்தவன். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், அரை மணி நேரத்தில் படத்தை அச்சடித்துத் தரும் சின்ன பிரின்டர். அவ்வளவுதான் என் ராஜ்யம். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு கேமராவைப் பீரோவில் வைத்துவிட்டு, அதே கொட்டகையில் டீயும் மிளகாய் பஜ்ஜியும் போடுகிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பஜ்ஜியில் கண்ணை மூடியிருக்கிறேன், திரும்பப் போடு என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஊர் என்றால் மேலே தேயிலை, கீழே தண்ணீர், நடுவில் ஒரு தெரு. ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது கரண்டு எடுக்கத் தேக்கிய அணைத் தண்ணீர். தண்ணீர் நிற்பதற்கு முன்னால் அங்கே புல்வெளி இருந்தது, எருமை மேய்ந்தது, குறுக்கே ஒரு ரோடு போயிற்று. அந்த ரோடு இன்றைக்கும் இந்தக் கரையில் தண்ணீருக்குள் இறங்கி அந்தக் கரையில் ஏறுகிறது. வருகிறவர்களுக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். ஜீப்காரர்கள் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரை வண்டியோடு அதில் இறங்கினவர் ஏறவே இல்லை என்பார் ஒருவர். உள்ளே ஒரு சர்ச் இருக்கிறது, காதை வைத்தால் மணி கேட்கும் என்பார் இன்னொருவர். நானும் என் பங்குக்குப் புளுகியிருக்கிறேன். ஆனால் நிஜமான சரித்திரம் தண்ணீருக்கு அடியில் இல்லை, மேலே எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருந்தது. அங்கே பாதிக்கு மேல் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கப்பல் ஏறி வந்த குடும்பங்கள். அவர்களைப் பற்றி எந்த ஜீப்காரரும் கதை சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

முதலில் சொன்னேனே, படத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்மணி, அவரும் அப்படி வந்தவர்தான். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலை. புருஷன் எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வண்டி வரும்போதே அக்கா கரையில் இருப்பார். மற்ற நாட்களில் வேலை விட்டு நாலு மணிக்கு மேல் இறங்கி வருவார். விற்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். ஒரு குடும்பம் வரிசையாக நின்று, நான் "ரெடியா, ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள், எங்கிருந்துதான் வருவாரோ, ஓரத்தில் நின்றுவிடுவார். பட்டனை அழுத்திய அடுத்த நிமிஷம் ஆள் இருக்க மாட்டார்.

அதிலும் எப்போதும் எனக்கு இடது ஓரம்தான். வலது ஓரம் ஆளில்லாமல் அகலமாகக் கிடந்தாலும் அந்தப் பக்கம் போக மாட்டார். சிரிக்கவும் மாட்டார். கண் இமைக்க மாட்டார். போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்த மாதிரி விறைத்துக்கொண்டு, அந்தக் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பார். குழந்தைகள் யாராவது அந்தக் கைக்குக் கீழே போய் நின்றால், தோளைப் பிடித்து மெதுவாகத் தன் வலது பக்கம் நகர்த்திவிடுவார்.

"இந்தப் பக்கம் ஆள் இருக்கு, கண்ணு."

பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர் சொல்கிற அதே தொனி. அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இருக்காது.

முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு தலைவலி ஆயிற்று. மலப்புறத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சேட்டா, இது ஆரா? ஞங்ஙளுடெ கூடெ வந்நதல்லல்லோ."

திருப்பூர்க்காரர் ஒருவர் இன்னும் மரியாதையாகக் கேட்டார். "ஏனுங், நம்ம படத்துல ஆரோ ஒரு அம்மா நிக்கறாங்களே, இதுக்கும் சேர்த்தா நான் காசு குடுக்கோணும்?"

நான் போய் அக்காவிடம் சத்தம் போட்டேன். "ஏனுங்க்கா, உங்களுக்குப் படம் வேணும்னா சொல்லுங்க, தனியா ஒண்ணு எடுத்துச் சும்மாவே தர்றேன். அடுத்தவங்க படத்துல வந்து எதுக்குங்க நிக்கறீங்க?"

"எனக்கு எதுக்குத் தம்பி படம்? என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றார். "நான் ஓரத்துலதானே நிக்கிறேன். ஓரம் யாருக்கு வேணும்?"

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அந்தத் திருப்பூர்க்காரரிடம் போய், "இந்தப் படம் எந்த ஊருக்குங்க போவுது?" என்று கேட்டார். திருப்பூர் என்றதும், "சரி, நல்லபடியாப் போய்ச் சேரட்டும்" என்று தலையாட்டிவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். எல்லாரிடமும் அதே கேள்விதான். கோயம்புத்தூர், ஈரோடு என்றால் ஒரு தலையாட்டல். சென்னை என்றால் கொஞ்சம் முகம் மலரும். வெளிநாடு என்றால் போதும், அவர்கள் ஜீப்பில் ஏறும் வரை பின்னாலேயே போவார்.

நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் ஓரத்தை வெட்டினேன். அக்கா நெருங்கி நின்றிருந்தால் அந்தக் கை மட்டும் வெட்ட வராது. வெட்டினால் காசு கொடுத்தவரின் தோளும் சேர்ந்து போய்விடும். சரி, நாலு விரல் யார் கண்ணில் படப் போகிறது என்று விட்டுவிடுவேன். பிறகு கூடலூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் புது வித்தை சொல்லிக் கொடுத்தார். ஆளைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஏரித் தண்ணீரை இழுத்து அந்த இடத்தை மூடிவிடலாம். பிரமாதமாக வந்தது. அப்படி ஒருவர் அங்கே நின்றதே தெரியாது. இடம் அடைக்கிறது என்று முதலில் எடுத்த படத்தையும் அழித்துவிடுவேன். அக்கா பாட்டுக்கு நிற்பார், நான் பாட்டுக்கு அழிப்பேன். சண்டை சச்சரவு இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு வருஷம் இப்படி நடந்தது.

அந்த இரண்டு வருஷத்துக்கு நடுவில்தான் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். எஸ்டேட் மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல், நான்தான் போட்டோ. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுற்றுலா வந்தவர்களின் படத்தில் அத்தனை ஆசையாக நிற்கிற அக்கா, ஊர்க் கல்யாணம், காதுகுத்து எதிலும் நிற்கவே மாட்டார். கூப்பிட்டால் சமையல் பக்கம் ஓடிவிடுவார். "உள்ளூர்ப் படம் உள்ளூர்லயேதானே கெடக்கும்" என்பார். மகன் கல்யாணத்தில் அப்படி ஓட முடியாதே. மேடை ஏறி நின்றார். நின்றதும் இடது கை தானாக வெளியே நீண்டது. பெண்ணின் அம்மா, பந்தலூரிலிருந்து வந்த சம்பந்தியம்மா, பட்டுச் சேலை சரசரக்க வந்து அந்த இடைவெளியில் நின்றார்.

"இந்தப் பக்கம் ஆள் இருக்குங்க" என்றார் அக்கா.

"ஆரு?"

"இருக்கு. நீங்க அங்கிட்டு நில்லுங்க."

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பந்தலே கிசுகிசுத்தது. மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு ஒரு நாளாச்சும்" என்றான். அக்கா அசையவில்லை. அந்தப் படத்தில் அத்தனை பேர் நெருக்கியடித்து நிற்க, அக்காவுக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு சின்னப் பிள்ளை நிற்கிற அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது. சம்பந்தியம்மா ஒரு வருஷம் பேசவில்லை. கொஞ்சம் மூளை பிசகித்தான் போயிற்று என்று நாங்கள் முடிவு கட்டினோம். நான்கூடச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. இரண்டு பேருக்கும் அறுபது வயது இருக்கும். எந்த ஊருக்குப் படம் போகிறது என்று அக்கா கேட்டார். ஜீப்காரர் விசாரித்துச் சொன்னார். "இங்கிருந்து கொச்சிங்க்கா. அங்கிருந்து பிளேன் ஏறி சிலோன் போறாங்களாம். மலை, டீ எஸ்டேட்டெல்லாம் பாக்கப் போறாங்களாம்."

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. "நிக்கச் சொல்லு தம்பி! போயிரப் போறாங்க, நிக்கச் சொல்லு!" என்று கத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லைனை நோக்கி அந்தச் செங்குத்து மேட்டில் ஓடினார். ஐம்பதை நெருங்குகிற பெண்மணி. ஜீப்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் என் பெஞ்சில் உட்கார்ந்து தேவுடு காத்தார்கள். கால் மணி நேரம் கழித்து அக்கா வந்தார். மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. தலையை மறுபடி வாரியிருந்தார். மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. நேரே போய் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். அன்றைக்குத்தான் அவர் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்து பார்த்தேன். கை மட்டும் வழக்கம் போல.

அவர்கள் கேமராவில் எடுத்துக் கொடுத்தேன். "எங்க தோட்டம் இருந்த ஹட்டன் பக்கம் போவாங்களான்னு கேளு. போனா அங்க நாலு பேருகிட்ட இந்தப் படத்தைக் காட்டச் சொல்லு" என்றார் அக்கா. அந்த வெள்ளைக்கார அம்மாள் சரி சரி என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜீப் வளைவில் மறையும் வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார். காலில் செருப்பில்லை. ஓடின அவசரத்தில் போட்டுக்கொள்ள மறந்திருக்கிறார்.

"கொஞ்சம் தேத்தண்ணி குடு தம்பி" என்றார். நான் ஃபிளாஸ்கில் இருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. ஒரு அப்பா, ஒரு அம்மா, பதின்மூன்று வயதில் ஒரு பெண், அவளுக்கு இடப்பக்கம் நாலு வயதுக் குழந்தை. குழந்தையின் வாய் அழுது கோணியிருக்கிறது. பெரியவள் இடது கையால் குழந்தையின் காதைப் பிடித்திருக்கிறாள்.

"இந்தியாவுக்குப் பாஸ்போர்ட்டு எடுக்கறப்ப புடிச்சது. தங்கச்சி ஒரு எடத்துல நிக்க மாட்டேன்னு ஆடிக்கிட்டே இருந்தா. 'காதைப் புடிடி'ன்னாரு அப்பா. புடிச்சேன். அப்படியே விழுந்திருச்சு படத்துல."

கப்பலுக்குத் தேதி வந்த வாரம் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். தோட்டத்தில் வேலையும் விட்டாயிற்று, குடியிருந்த காம்பரா வீட்டையும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. அக்காவின் சின்னம்மா குடும்பத்துக்கு சிலோன் பிரஜா உரிமையே கிடைத்திருந்தது, அவர்கள் அங்கேயே இருக்கப் போகிறவர்கள். அவர்களிடம் குழந்தையை விட்டுவிட்டு வந்தார்கள். உடம்பு தேறியதும் அடுத்த கப்பலில் யாராவது கூட்டி வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். அடுத்த கப்பலில் யாரும் கூட்டி வரவில்லை. கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது. பிறகு அங்கே கலவரம், சின்னம்மா குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. அப்பாவும் அம்மாவும் இங்கே எஸ்டேட் மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

"இந்தப் படம் ரெண்டு காப்பி போட்டது தம்பி. ஒண்ணு சின்னம்மாகிட்ட. இதைக் காட்டித்தான் அவளை வளத்திருப்பாங்க. இந்தா பாரு, உன் காதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது உங்க அக்காதான்னு." அக்கா கவரை மறுபடி மடியில் செருகிக்கொண்டார். "கடுதாசிக்கு விலாசம் வேணும். படத்துக்கு வேணாம். அது பாட்டுக்குப் போவும். இத்தனை ஊர்க்காரங்க வர்றாங்க. ஒருத்தர் வீட்டுச் சுவத்துல மாட்டியிருப்பாங்க, இன்னொருத்தர் வந்து பாப்பாங்க. எங்கயாச்சும் ஒரு நாள் அவ கண்ணுல படாமலா போயிரும்? இந்தக் கையைப் பாத்தா அவளுக்குத் தெரியும்."

என் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலையில் எடுத்த ஒரு குடும்பப் படம் திரையில் இருந்தது. அதில் அக்கா நின்ற இடத்தில் தண்ணீர் பளபளவென்று இருந்தது. நான் எழுந்து நின்று திரையை மறைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அடக் கெரகமே! ரெண்டு வருசமாவா? போய் அந்தக்காகிட்டச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. கோழை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு வருஷம் ஓட்டினேன். சொல்வதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். அழிப்பதை அன்றோடு நிறுத்தினேன். யாராவது படத்தைப் பார்த்து முறைத்தால், ஜீப்காரர்களிடம் கற்ற வித்தையை எடுத்துவிட்டேன். "அவங்க யாருன்னு நெனைச்சீங்க? இந்த ஏரியே அவங்க காவல்லதான் இருக்குது. அவங்க படத்துல நின்னா குடும்பம் பிரியாதுங்க."

அந்தப் புளுகு என்னை விட வேகமாக ஓடியது. மறு சீசனில் வந்தவர்கள் தாங்களாகவே "ஏரியக்கா எங்கே?" என்று கேட்டார்கள். புது ஜோடிகள் அவரை நடுவில் நிறுத்தினார்கள். ஒருவர் காலில் விழவே போய்விட்டார். அக்கா துள்ளிக் குதித்து நகர்ந்து, என்னிடம் வந்து சத்தம் போட்டார்.

"என்னைய சாமியாக்கிட்டியா? நாளைக்கு எனக்குக் கெடா வெட்டச் சொல்லுவியா?"

"படம் நெறையப் போகுதுல்லைங்க்கா?"

"அது சரிதான்" என்றார். அதற்குப் பிறகு காலில் மட்டும் விழ விடாமல் மற்றதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார். நடுவில் நின்றாலும் இடப்பக்கம் ஆள் இருக்கும். என் மகள் ஒரு முறை அக்காவின் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். மூன்று பேர் 'அருமை' என்று எழுதினார்கள். ஒருவர் நல்ல டீத்தூள் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

அக்காவுக்கு வேலையில் ஓய்வு வந்தது. ஓய்வு வந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டான். கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி ஒன்றும் வரவில்லை.

"எத்தனை படத்துல நின்னிருப்பேன் தம்பி! போதும், கால் வலிக்குது" என்றார். முகத்தில் நிறைவு இருந்தது. "அதுலயும் ஆரம்பத்துல ரெண்டு வருசம் வந்தாங்க பாரு கூட்டம். எத்தனை வெளிநாட்டுக்காரங்க! அந்தப் படத்துல ஒண்ணாச்சும் போய்ச் சேந்திருக்கும். அந்த நம்பிக்கையிலதான் ஊரைக் காலி பண்றேன்."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அந்த ரெண்டு வருசப் படத்துல நீங்க இல்லைங்க. நான் அழிச்சுட்டேங்க."

புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தை வெட்டியது, தண்ணீரால் மூடியது, தெரிந்த பிறகும் எட்டு வருஷம் மறைத்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்தார். குடையை விரிக்காமலே மழையில் இறங்கி மேட்டில் ஏறிப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் வந்தது. இடது ஓரம் காலியாகக் கிடந்தது. என் மனைவி ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை என்று அப்படியே கொண்டு வந்தாள். என்னிடம் அவளும் இரண்டு நாள் பேசவில்லை.

கிளம்புகிற நாளன்று சாமான் ஏற்றிய டெம்போ ரோட்டில் நின்றது. அக்கா மட்டும் இறங்கி வந்தார்.

"அந்தப் படமெல்லாம் வச்சிருக்கியா?"

வெட்டியும் மூடியும் கொடுத்த படங்கள் சி.டி.யில் இருந்தன. போட்டேன். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். யார் யாரோ சிரித்தார்கள், ஓரத்தில் தண்ணீர். மறுபடி யார் யாரோ, மறுபடி தண்ணீர். எனக்கு நிமிர்ந்து அவரைப் பார்க்கத் தைரியம் இல்லை. பத்துப் பன்னிரண்டு போன பிறகு, "நில்லு" என்றார்.

அது நான் ஆரம்பத்தில் வெட்டிய படம். மலப்புறத்து ஜோடி. இடது விளிம்பிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு காதைப் பிடித்திருந்தது.

"கையை விட்டுட்டியா?"

"வெட்ட வரலைங்க்கா. வெட்டினா அவரு தோளும் போயிரும்."

திரையில் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "இதே மாதிரி எத்தனை இருக்கு?"

"ஆரம்பத்துல எடுத்தது நெறைய அப்படித்தானுங்க."

அவர் சிரித்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அக்காவின் பல்லைப் பார்த்தேன். "போதும் தம்பி. என் கெழட்டு மூஞ்சியைப் பாத்தா அவளுக்கு என்னா தெரியப் போவுது? நான் இப்ப எங்கம்மா மாதிரி ஆயிட்டேன். அவ கையைத்தான் தேடுவா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அதில் என்ன வெட்கம்? அக்கா மடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் வைத்தார்.

"திருப்பூருக்கு யாரு சுத்திப் பாக்க வர்றாங்க? இது இங்கயே இருக்கட்டும். நாலு பேரு கண்ணுல படற மாதிரி மாட்டு."

"உங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதானுங்களே. என்னை நம்பியாங்க்கா?"

"உன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. வேலை குடுத்திருக்கேன்" என்றார். டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா போய்விட்டார்.

திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "இன்னிக்கு எந்த ஊர்க்காரங்க?" என்பார். நான் சொல்வேன். மூன்றாவதோ நாலாவதோ வாரம், "ஓரம் காலியாவா கெடக்கு?" என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இல்லைங்க்கா, ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டேன். புளுகித்தானே பழக்கம். போனை வைத்ததும் உறைத்தது. இந்தம்மாவிடம் இன்னொரு பொய்யா? டீ அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு குடும்பம் செல்போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. போய் ஓரத்தில் நின்றேன்.

என் மனைவி அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "மீசை வச்ச அக்காவை எந்தத் தங்கச்சி தேடுவாளுங்க?"

ஆனால் பதினைந்து வருஷம் படம் எடுத்தவனுக்குப் படம் எங்கே முடிகிறது என்று தெரியாதா? யார் எங்கிருந்து எடுத்தாலும், எந்த அங்குலத்தில் நான் வெளியே, எந்த அங்குலத்தில் உள்ளே என்று எனக்குத் தெரியும். என் முகத்தை வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் உள்ளே விடுவேன். இந்தக் குளிருக்கு முழுக்கை ஸ்வெட்டர் போட்ட கை. அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று யாருக்குத் தெரியும்? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சரியாக இருக்க வேண்டும். இடுப்பு உயரம், நாலு வயதுப் பிள்ளையின் காது இருக்கும் உயரம்.

போன ஆடியில் அக்கா காலமானார். மகன் போன் செய்து சொன்னான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வராது என்று தெரிந்தும், கூட்டம் எந்த ஊர் எந்த ஊர் என்று மனதில் குறித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பழைய படம் கண்ணாடி போட்டு டீ அடுப்புக்கு மேலே தொங்குகிறது. டீக்குக் காத்திருக்கிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது. யாருங்க இது என்று கேட்டால் புளுகுவதில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நேற்று ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பெண் குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். நான் கையை நீட்டியதும் ஓடி வந்து அதற்குக் கீழே நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்து, "தாத்தா, நான் இங்க நிக்கட்டா?" என்றது. கன்னத்தைத் தட்டிக் கொடுத்து அந்தப் பக்கம் நகர்த்தினேன்.

"அங்கிட்டு நில்லு சாமி. இந்தப் பக்கம் ஆள் இருக்கு."

அப்பா படம் எடுத்தார். எந்த ஊருங்க என்று கேட்டேன். நாகப்பட்டினம் என்றார்கள். அந்தப் படத்தில், அதைப் போல இன்னும் பல படங்களில், இடது ஓரத்தில் ஒரு கை இருக்கும். யாரோ ஒருவருடைய கை குறுக்கே வந்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள்.